நான்காம் மாடி, இடது

சாவியை உள்ளேயே வைத்துக் கதவைச் சாத்திவிட்ட முதல் வாரம்
கீழ்வாசலில் மணியை அழுத்தினேன்.
"கியேன்?" என்றது சுவரில் பதித்த சல்லடை.
யார் என்றுதான் கேட்டது. நான் ஒரு பத்தி ஒப்பித்தேன்:
என் பெயர் எழிலரசி, நீரியல் மாணவி,
நான்காம் மாடி இடது, சாவி மேசைமேல்,
காற்றில் கதவு தானே அடைத்துக்கொண்டது, மன்னிக்க வேண்டும்.
அதில் இரண்டு வினைச்சொற்களுக்குக் காலம் தப்பு.
சல்லடை கொஞ்ச நேரம் மூச்சுவிட்டது.
பிறகு கதவு உறுமித் திறந்தது.

சரகோசாவில் காற்றுக்குப் பெயர் உண்டு, தியேர்சோ.
எப்ரோ ஆற்றைப் பிடித்துக்கொண்டு வடமேற்கிலிருந்து வரும்.
டிராம் தாமதமா, தலைவலியா, காதல் முறிவா,
பழி அதன் தலையில்.
நவம்பரில் கொடியிலிருந்து
என்னுடைய ஒரே படுக்கை விரிப்பை உருவிக்கொண்டு போனது.
மறுநாள் லிஃப்டில் ஒரு காகிதம்:
'நீலப் பூப்போட்டது. இரண்டாம் மாடி வலதில் கேட்கவும்.'

கண்ணாடி முன் நின்று வாக்கியம் கட்டினேன்.
தொந்தரவுக்கு வருந்துகிறேன் என்பதில் தொடங்கி
நிபந்தனை வினை ஒன்றில் முடியும், நல்ல நீளமான வாக்கியம்.
கதவைத் திறந்தவர் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.
வாயெல்லாம் நுரை. பேசவில்லை.
உள்ளே போய் விரிப்போடு வந்தார்,
மடித்து,
இஸ்திரி போட்டு.

இரண்டு மணிக்கு ஊர் ஷட்டரை இறக்கிவிடும்.
ஐந்து வரை ஒரு பென்சில்கூடக் கிடைக்காது.
எட்டு மணிக்கு நான் தட்டை எடுத்தால்
காய்ச்சலா என்று கேட்பாள் இஸார்பே.
பத்துக்கு முன் இங்கே
குழந்தைகளும் நோயாளிகளும்தான் சாப்பிடுவார்களாம்.

வெளிநாட்டவர் எண்ணுக்காக மூன்று முறை வரிசையில் நின்றேன்.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் என் பெயரைக் கூப்பிட்டாள்:
"எதிலராசி!"
யாரும் எழவில்லை.
"எதில... ராசி?"
தெரியவில்லை அம்மணி,
அதைத்தான் பார்க்கலாமென்று வந்திருக்கிறேன்.

ஒரு சனி இரவு, பாத்திரம் கழுவிக்கொண்டே
ஓயெரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள் இஸார்பே,
ஞாயிறு ஆற்றங்கரைக்குப் போவதைப் பற்றி.
நோசோத்ரோஸ், என்றாள்.
நான் துண்டால் கரண்டி துடைத்துக்கொண்டிருந்தேன்.
என் மொழியில் இதற்கு இரண்டு சொல்.
நாம் என்றால் கரண்டி துடைப்பவளும் உண்டு.
நாங்கள் என்றால் இல்லை.
இவர்கள் இரண்டையும் ஒரே பையில் போட்டு வைத்திருக்கிறார்கள்.
எப்படித்தான் வாழ்கிறார்களோ.

கேட்கக் கூச்சம்.
காலையில் ஷூவை மாட்டிக்கொண்டு
வேறெங்கோ கிளம்புகிறவள்போல் வாசலருகே நின்றேன்.
லேஸை ஐந்து முறை அவிழ்த்துக் கட்டியிருப்பேன்.
இஸார்பே தன் மப்ளரை என்மேல் எறிந்தாள்.
"கழுத்தை மூடு. பாலத்தில் ஆளையே தூக்கும்."
அவ்வளவுதான். இலக்கணம் தீர்ந்தது.

பிப்ரவரி. மறுபடியும் சாவி மேசைமேல்.
கையில் ரொட்டி, காதில் ஊளை.
மணியை அழுத்தினேன்.
"கியேன்?"
"யோ."

நான் என்று அர்த்தம். இந்த ஊரே இப்படித்தான் சொல்கிறது.
எந்த நான் என்று ஒருவரும் கேட்பதில்லை.
நம்மூரில் யாரையாவது அதட்டத்தான் இந்தச் சத்தம் வரும்,
ஒரு வ் சேர்த்து.
கதவு உடனே திறந்தது.

நான்கு மாடி ஏறியபிறகுதான் தெரிந்தது,
எங்கள் வீட்டில் விளக்கே இல்லை.
இருவரும் இன்னும் வரவில்லை.
எந்த மணியை அழுத்தினேனோ,
எவர் தம் வீட்டு நான் என்று நினைத்துத் திறந்தாரோ.

படியில் உட்கார்ந்து
ரொட்டியின் முனையைக் கிள்ளித் தின்றேன்.
படிக்கட்டு விளக்கு இங்கே இரண்டு நிமிடத்தில் அணைந்துவிடும்.
அணைந்தது.
எழுந்து போட்டுவிட்டு வந்து
மறுமுனையைக் கிள்ளினேன்.