பதினொன்று நாற்பதின் நகல்

ஏழாம் டிரைவ் என்று ஒரு பொருள் கிடையாது.
திறந்து காட்டு என்றால் காட்ட முடியாது.
ஒன்பது வன்தட்டுகளுக்குக் குறுக்கே
மென்பொருள் வெட்டிய வரப்பு அது.
இந்தப் பக்கம் மருந்தகக் கணக்கு,
அந்தப் பக்கம் சம்பளப் பட்டியல்,
நடுவில் ஆறு வருஷத்து
மண்டையோடுகள், நுரையீரல்கள், பிறக்காத குழந்தைகள்.

இன்றிரவு இதைப் புதுப் பெட்டிக்கு நகலெடுக்க வேண்டும்.

அண்ணா நகர், ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம்.
ஏசி பதினெட்டில். வெளியே மே மாதம்.
மதுரையில் இந்நேரம் ஸ்வெட்டர் போட்டிருப்பது
நான் ஒருத்தியாகத்தான் இருக்கும்.

மூலம் எது, இலக்கு எது.
மூன்று தடவை வாய்விட்டுப் படித்தேன்.
எனக்கு முன் இந்த நாற்காலியில் இருந்த ஞானதுரை
ஒரு விடிகாலை இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிட்டார்.
உறுதியா என்று இயந்திரம் கேட்டது.
உறுதி என்றார்.
பதினான்கு மாத எக்ஸ்ரேக்களின் மேல்
வெறுமை பிசகில்லாமல் நகலானது.
இப்போது பெரியார் நிலையம் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.
தாளைத் தலைகீழாகப் போட்டாலும்
இதில் அசல் சாகாதும்மா என்பார்.

நேராக நகலெடுத்தால் மூலத்தில் எழுத முடியாது.
வாசிக்கலாம், அவ்வளவுதான்.
நாலு மணி நேரம் யாரும் எங்கேயும் விழுந்துவிடாதீர்கள் என்று
ஊருக்குச் சொல்லி அனுப்பவா முடியும்?
அதனால் முதலில் ஒரு ஸ்னாப்ஷாட்.
மணி பதினொன்று நாற்பது.

ஸ்னாப்ஷாட் எதையும் உடனே நகலெடுக்காது.
அந்த நிமிஷத்தை மனதில் வைத்துக்கொள்ளும்.
புதிதாக ஒன்று வந்து உட்காரப் பார்த்தால்
பொறு என்று கைகாட்டி
அங்கிருந்த பழையதை முதலில் எழுப்பி
பக்கத்துச் சேமிப்புக்கு அனுப்பிவிட்டுத்தான்
இடம் விடும்.
அந்தச் சேமிப்பு சின்னது, மூலத்தில் ஐந்தில் ஒரு பங்கு.
வண்டியூர்க் கண்மாய் நிரம்பினால் மறுகால் பாயும்.
இது நிரம்பினால்
பதினொன்று நாற்பது செத்துப்போகும்.

சதவீதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
ஒன்பது. ஒன்பது. ஒன்பது. பதினொன்று.

பன்னிரண்டு இருபதுக்கு மேலேயிருந்து சகாயராணி.
“வீரகனூர் ரவுண்டானா கேஸ் ஒன்னு. சி.டி. எடுத்தாச்சு. ஏறுமா,
நிறுத்தி வைக்கணுமா?”
அனுப்பு என்றேன்.

என் திரையில் முகம் வராது. ஒரு வரி வரும்.
ஒச்சப்பன், 41, ஆண், தலை, அவசரம்.
அறுநூற்றுப் பன்னிரண்டு படங்கள்
வரப்புக்குள் இறங்கின.
அவருக்கு இடம் விட்டு எழுந்து போனவை எவையோ,
என்றோ அழித்த யாருடைய முழங்காலோ.
சேமிப்பு பதினெட்டைத் தொட்டது.
ஜெனரேட்டர் ஒருமுறை இருமி அடங்கியது.

மூன்றரைக்கு நகல் முடிந்தது.
கூட்டுத்தொகைகள் ஒத்துப்போயின.
புதுப் பெட்டியில் ஒச்சப்பன் என்று தேடினேன்.
பதிவு இல்லை.

பிழை இல்லை அது.
அங்கே இன்னும் பதினொன்று நாற்பது.
சிலைமான் தாண்டி வண்டியில் வந்துகொண்டிருக்கிறார்,
கைலியைத் தூக்கிக் கட்டி,
பெட்ரோல் டேங்கின் மேல் ஒரு மூட்டையோடு.
மூட்டையும் கைலியும் நானாகச் சேர்த்தவை.
வண்டி என்பதும்கூட.

மாறியதை மட்டும் கொண்டுசேர்க்க ஒரு கட்டளை இருக்கிறது.
இரண்டு நிமிஷ வேலை.
ஆறு மணிக்குள் இரண்டு பெட்டியும் ஒன்று என்று
கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

மேலே கூப்பிட்டு, எப்படி இருக்கார் என்றேன்.
“தியேட்டருக்குள்ள. ஏன், ஃபைல் ஏறலையா?”
ஏறிருச்சு என்றேன்.

பிளாஸ்கில் டீ ஆறியிருந்தது. குடித்தேன்.
மறுபடி மூலம் எது, இலக்கு எது,
மூன்று தடவை வாய்விட்டுப் படித்துவிட்டு
அவரை ரவுண்டானாவுக்கு அனுப்பினேன்.