நாந் திருப்பலையே

மின்விசிறியை நிறுத்திவிடுவோம்.
ஓடினால் அதன் முனகல் பதினாறு கம்பியிலும் ஏறிக்கொள்ளும்.
பாளையங்கோட்டை, சித்திரை, காலை பதினொன்று.
மாசானமுத்துவின் தலையில் துணித்தொப்பி,
ஓட்டைக்கு ஓட்டை பசை,
பசைக்கு அடியில் வியர்வை.

திரையில் சாம்பல் நிறம். ஓர் அம்பு.
இடப்பக்கம் காட்டினால்
இடக்கையை மூடுவதாக நினைக்கணும்.
வலம் என்றால் வலக்கை.
இரண்டு கையும் மடியில்தான் கிடக்கின்றன,
பணகுடிக் காற்றாலை ஏணியில் கால் தவறிய நாள்முதலாய்,
யாரோ வைத்துவிட்டு மறந்த சாமான்போல.

மொத்தம் நூற்றிருபது அம்பு.
நாற்பதில் கொட்டாவி.
எழுபதில் அலை நீண்டு, சோம்பி, உருண்டு வந்தது.
ஆள் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிறார்.
இயந்திரம் அந்தத் தூக்கத்தையும்
இடக்கை என்றே படித்துவைத்தது.

அம்பைத் தூக்கிவிட்டுப் பேருந்தை வைத்தேன்.
மூன்று ராத்திரி வேலை.
ஜங்ஷனில் எடுத்து ஆற்றுப்பாலம் தாண்டி
இடது திரும்பினால் வண்ணாரப்பேட்டை,
வலது என்றால் கொக்கிரகுளம்.
முதல் பத்து நிமிஷம் இயந்திரத்துக்கு அவரைத் தெரியாதே,
சலித்துவிடக் கூடாதென்று
ஒரு சின்னப் பொய்யும் எழுதிவைத்தேன்:
அவர் எதை நினைத்தாலும் வண்டி சரியாகத் திரும்பும்.

ஏழாவது திருப்பம்.
"மேடம், இது நாந் திருப்பலையே."
"நீங்கதான்ணே."
"இல்ல. நான் ஆத்துல எரும கெடக்கதப் பாத்துக்கிட்டு இருந்தேன்.
வண்டி தானாப் போவுது."

எருமை, அழகுக்காக நான் வரைந்தது.
தன் விரல் தனக்கு அசையாத மனுஷனுக்கு
எது தன் செயல், எது இல்லை என்று
இவ்வளவு கறாராகத் தெரியும் என்பதை
நான் எந்த வரியிலும் எழுதியிருக்கவில்லை.

பொய்யை அழித்தேன்.
அரைகுறையாய்ப் படித்த இயந்திரம் கையில் வண்டி.
கைப்பிடிச் சுவரை உடைத்துக்கொண்டு
நேரே தாமிரபரணியில், எருமைக்குப் பக்கத்தில்.

சிரித்தார் பாருங்கள்.
தாடை குலுங்க, பதினாறு கோடும் கறுத்துப்போயின.
"சிரிச்சா டேட்டா கெட்டுரும்ணே."
"அப்பம் சிரிப்பு வராத மாதிரி கேம் போடுங்க."
அதற்கும் சிரித்தார்.
வராந்தாவில் உறங்கிய மச்சினன் செல்வின்
என்னமோ ஏதோவென்று ஓடிவந்தான்.

சாயந்திரம் கெட்ட பகுதிகளை வெட்டி எறிந்தேன்,
நாலு நிமிஷம் பதினோரு விநாடி.
விதி அப்படி.
மிச்சத்தைப் படித்த பிறகு
நூறில் எழுபத்தாறு தடவை
அவர் நினைத்த பக்கம் திரும்பியது வண்டி.

வியாழக்கிழமை மறுபடி வருகிறார்.
போகும்போது, நாற்காலி படி இறங்கும்போது,
சொல்லிவிட்டுப் போனார்:
"எருமைய மட்டும் எடுத்துராதீய."