வயது என்ற கட்டம்

சத்துவாச்சாரி நீதிமன்றத்துக்கு எதிரே என் கடை.
நூர் ஜெராக்ஸ்.
பட்டா மாறுதல், பெயர்த் திருத்தம், வாரிசுச் சான்று,
பக்கத்துக்கு முப்பது ரூபாய்.
போர்க்குற்றம் விலைப்பட்டியலில் இல்லை.

மேல்மொணவூர் முகாமிலிருந்து டவுன் பஸ்ஸில்
வருஷம் தவறாமல் மாசியில் வருகிறார் தவமலர்.
அதற்கடுத்துத்தான் ஜெனிவாவில் கூடுவார்களாம்.
கையில் ஜவுளிக்கடைப் பை, அதற்குள் கழுவிய பால் கவர்,
அதற்குள் நான்காய் மடித்த போட்டோ.

சம்பவ இடம் எது, கேட்கிறது படிவம்.
"மதகு தாண்டி ரெண்டாவது பனை.
இப்ப பனை இராது."
அஞ்சல் குறியீடு கட்டாயம். சிவப்பு நட்சத்திரம்.
ஆறு பூஜ்யம் அடித்தேன்.
ஏற்றுக்கொண்டது.

நடந்ததை ஐந்நூறு எழுத்துக்குள் சொல்லவும்.
"என்ர கையாலதான் கையளிச்சனான்.
விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டவை.
பஸ்ஸில ஏத்தினவை. யன்னல் பக்கம் இருந்தவன்."
இதற்கே நூற்றுச்சொச்சம் போயிற்று.
யன்னலை எடுத்துவிடலாமா என்றேன்.
பேசாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
யன்னலை விட்டுவைத்தேன்.

குற்றம் சாட்டப்படுவது யார்?
அந்த நாட்டு அரசு.
விசாரிக்க வேண்டியது யார்?
அடிக்குறிப்பில் பொடி எழுத்தில் இருந்தது:
முதற்பொறுப்பு அந்த நாட்டு அரசுக்கே.

சிரித்துவிட்டேன். சிரிக்கக் கூடாத இடம்.
மேல்விஷாரத்தில் எங்கள் அத்தா வெட்டிய கிணறு
ஒரு கோடையில் டீ நிறமாகிவிட்டது.
மனு மேல் மனு. கமிட்டி ஜீப்பில் வந்தது.
சோதனைக்குத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துத் தந்தவன்
தோல் ஷெட் மேனேஜர்.
குடிக்கத் தக்கது என்று வந்த தாள்
இன்னும் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கிடக்கிறது.
கிணறு வேறு, தம்பி வேறு, தெரியும்.
அந்த பாட்டில் மட்டும் ஒன்றுதான்.

எங்கள் ஊரைக் கிண்டல் செய்ய ஒரு பேச்சு உண்டு:
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
அதிகாரமில்லாத போலீஸ்.
தவமலரிடம் சொன்னேன்.
"அப்ப முழு உலகமும் வேலூர்தான்" என்றார்.

ஹேகில் கோர்ட் உண்டு, அங்கி உண்டு,
ஆளைப் பிடித்துவர ஒரு ஏட்டு கிடையாது.
கையெழுத்துப் போடாத நாட்டு வாசலில்
செருப்பைக் கழற்றாமலே திரும்பிவிடும்.
கண்டி ராஜாவைப் பிடித்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்து
இந்தக் கோட்டைக்குள் வைத்தவர்களுக்கு
அன்றைக்கு யார் அனுமதி தந்தார்கள்?
நாடு வேண்டுமென்றால் போக வழி இருக்கிறது.
தம்பி வேண்டுமென்றால் இறையாண்மை.

காணாமற்போனவர் வயது.
முதல் வருஷம் 23 என்று அடித்தேன்.
சம்பவத்தன்று உள்ள வயதுதான் எழுத வேண்டும் என்று
பெரிய ஞானிபோல் விளக்கினேன்.
"அவனுக்கு இப்ப முப்பத்தொண்டு தம்பி" என்றார்.
என்னைத் தம்பி என்று அவர் கூப்பிட்டது
அந்த ஒரு முறைதான்.
அன்றிலிருந்து வருஷம் ஒன்று கூட்டுகிறேன்.

இந்த மாசியில் நான் விசையைத் தொடும் முன்பே சொல்கிறார்:
"முப்பத்தொம்பது.
காதோரம் நரைச்சிருக்கும். எங்கட அப்பாவுக்கும் அப்படித்தான்."
நரைக்கு எந்தக் கட்டமும் இல்லை.

அனுப்பினேன். நொடியில் பதில்:
பெறப்பட்டது. இம்முகவரிக்கு மறுமொழி அனுப்ப வேண்டாம்.
"ஆர் கையெழுத்து வைச்சிருக்கினம்?"
யாரும் இல்லை, மெஷின் அனுப்புவது என்றேன்.
ரெண்டு காப்பி கேட்டார்.
காசு வேண்டாம் என்றால் கேட்க மாட்டார்.
சில்லறையை எண்ணி வைத்துவிட்டு நின்றார்.

"ரசீது தாங்கோ."

என் கடையில் ரசீதுப் புத்தகமே கிடையாது.
காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கம்
தேதி போட்டு, தொகை போட்டு,
ஹபீபுல்லா என்று முழுசாக எழுதி
கையெழுத்திட்டேன்.
இரண்டு தடவை படித்துப் பார்த்தார்.
போட்டோவோடு சேர்த்து மடித்தார்.