நானூற்று முப்பத்து மூன்று

பின்கதவு பதில் சொல்லவில்லை
என்கிறது ராய்லி தெர்வோனெனின் கைப்பேசி.
சனிக்கிழமைகளில் மட்டும்.
மாலை ஆறிலிருந்து எட்டுவரை.

எனக்கு முன் வந்தவர் பேட்டரியை மாற்றியிருந்தார்.
அவருக்கு முன் வந்தவர் சென்சாரையே மாற்றியிருந்தார்.
வேலைச் சீட்டில் ஒருவர் எழுதியிருந்தார்:
வாடிக்கையாளர் தனியாக இருப்பவர்.
அதையும் ஒரு பழுதாகச் சேர்த்து.

கயானி. பிப்ரவரி. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
கதவு மூடித்தான் இருக்கிறது.
மூடியிருக்கிறேன் என்று சொல்லவும் சொல்கிறது,
அலமாரியின் மேலிருக்கும் வெள்ளைப் பெட்டியிடம்,
காதும் காதும் வைத்தாற்போல.
பெட்டிக்குத்தான் கேட்கவில்லை.

முதலில் வீட்டில் இருப்பவர்களை விசாரித்தேன்.
பேச்சுக்கு எரியும் விளக்குகள்,
தரை பெருக்கும் வட்டு,
தம்பெரேயிலிருந்து மகன் அனுப்பி
இதுவரை யாரும் எதுவும் கேட்டிராத ஒலிபெருக்கி.
ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.
எல்லாம் நிரபராதிகள்.
அவர்கள் புழங்கும் தெருவே வேறு.

ஆறு மணி. மடிக்கணினியில் நீல அருவி.
அதன் நடுவே, சரியாக நானூற்று முப்பத்து மூன்றில்,
ஒரு மஞ்சள் கோடு எழுந்து நின்றது.
யாரோ மூச்சு விடாமல் பேசுகிறார்கள்.
ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.
பனி நறநறத்தது. கோடு தடித்துக்கொண்டே போனது.

"அந்தப் பக்கம் வேண்டாம்" என்றார் ராய்லி.
பதினொரு வருஷமாம். ஒரு ஸ்ப்ரூஸ் மரமாம்.
மரம் இப்போது இல்லை.
அடிக்கட்டை இருக்கிறது, பனிக்கடியில்,
பாதி இவருக்கு, பாதி அவருக்கு.

ஒஸ்மோ கின்னுனென் துண்டோடு வந்து திறந்தார்,
பின்னால் ஆவி.
சௌனாவின் மேல்படிக்கு மேலே
தெர்மாமீட்டரின் வெள்ளை வில்லை.
எழுபது டிகிரிவரை என்று முதுகில் அச்சடித்திருக்கிறது.
மனிதர் தொண்ணூறில் குளிக்கிறார்.
எழுபதைத் தாண்டினால் அதற்குப் புத்தி பேதலித்து
எண்பத்தெட்டு எண்பத்தெட்டு எண்பத்தெட்டு
என்று ஊருக்கே கத்துகிறது.

"யாருக்குக் கேட்டதாம்?"
பக்கத்து வீட்டுக்கு, என்றேன்.
"அந்த வீட்டோடு எனக்குப் பேச்சே கிடையாதே"
என்றபடி பேட்டரியைக் கழற்றி
என் உள்ளங்கையில் வைத்தார். சுட்டது.

சீட்டில் எழுதினேன்: வெளிக் குறுக்கீடு. சரிசெய்யப்பட்டது.

மூன்றாவது சனிக்கிழமை, ஆறரைக்கு, ராய்லி அழைத்தார்.
"எல்லாம் பச்சையாக இருக்கிறது."
நல்லதுதானே.
"நல்லதுதான்."
போனை வைக்கவில்லை.
"முன்பெல்லாம் ஆறு மணிக்குச் சிவப்பாகும்.
திட்டிக்கொண்டே காபி போடுவேன்.
எட்டுக்குப் பச்சையாகும், படுப்பேன்.
இப்போது பச்சை, பச்சை.
இருட்டில் புகையும் தெரியவில்லை."

எந்தப் புகை என்று நான் கேட்கவில்லை.
இதற்கு எங்கள் விலைப்பட்டியலில் கட்டணமும் இல்லை.
நீங்களே போய்ப் பார்க்கலாமே, என்றேன்.

"பைத்தியமா?" என்றார்.
பிறகு ஜாக்கெட்டின் ஜிப் ஏறும் சத்தம்.
பூட்ஸ், ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று.

என் திரையில் வந்தது:
பின்கதவு திறந்தது. 18:41.
சிக்னல் முழுமை.

இந்தக் குளிரில் யாரும் கதவைத் திறந்து வைப்பதில்லை.
மூடியதாக இன்னும் தகவல் இல்லை.