முப்பத்தெட்டு

சாட்ஸ்வொர்த் மழலையர் பள்ளி வாசலில்
வெப்பமானியைத் துப்பாக்கி மாதிரி நீட்டி நிற்கிறேன்.
நெற்றிகள் வரிசையாக வருகின்றன.
சில கண்ணை இறுக மூடிக்கொள்ளும்.

உள்ளே, தரையில் மஞ்சள் நாடா வட்டங்கள்,
ஆளுக்கு ஒன்று.
பக்கத்து வட்டத்துக்குத் தன் செருப்பை மட்டும்
தள்ளி அனுப்புகிறான் ப்ரெனேஷ்.
திரும்பி வருவது வேறொருவன் செருப்பு.
நான் பார்க்காத மாதிரி இருக்கிறேன்.

நோம்வுலா விளையாடுவதில்லை. அவளுக்கு வேலை.
தன் வாழைப்பழத்தைப் பொம்மைகளின் நெற்றிக்கு நேரே பிடித்து,
"முப்பத்தெட்டு. வீட்டுக்குப் போ."
கரடி, ஒட்டகச்சிவிங்கி, கையில்லாத பாப்பா,
கடைசியில் மரக்கட்டைகளும்
ஒவ்வொன்றாகக் கதவுக்கு வெளியே.
அவள் அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பன்னிரண்டு நாள்.

கட்டைக்கு ஏதம்மா காய்ச்சல் என்று கேட்க வாயெடுத்தேன்.
நல்லவேளை, முகக்கவசம்.
முட்டி போட்டு நானும் வரிசையில் நின்றேன்.
வாழைப்பழம் நெற்றியில் பட்டுவிட்டது, குளிர்ச்சி.
வெகுநேரம் யோசித்தாள்.
"முப்பத்தாறு.
நீங்க இருங்க, டீச்சர்."

எல்லோரும் போனபின்
பொம்மைகளைச் சோப்பு நீரில் முக்கியெடுத்து
சுவர்மேல் உட்காரவைத்தேன்.
கரடிக்குத்தான் இரவெல்லாம் ஈரம் காயவில்லை.

காலையில் பையைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்:
"யாருக்கெல்லாம் குறைஞ்சிருக்கு?"
கையில் வேறொரு பழம்,
இன்னும் பச்சை மாறாதது.