தாஜ்மஹால் ரகம்

திம்மராயன் கடன் கேட்டு வரவில்லை.
நான்தான் போனேன்,
மார்ச் முடிய ஒன்பது நாள் இருக்கையில்,
தளிக்கு மேற்கே
ராகி அறுத்த தாள் இன்னும் நின்ற நிலத்துக்கு.
இலக்கில் எனக்கு அறுபது லட்சம் பாக்கி.

"ரோட்டோரம் மூணு ஏக்கர், போர்ல தண்ணி,
இதுல போய் ராகியா?" என்றேன்.
சென்னம்மா மோர் கொண்டுவந்து வைத்தார்.
குடித்தேன்.

பசுமைக்குடிலுக்கு நாற்பத்திரண்டு லட்சம்.
குளிர் அறை, குளிர் வண்டி, கைச்செலவுக்குப் பதினெட்டு.
கணக்கு நான் போட்டது:
ஒரு செடிக்கு எத்தனை தண்டு,
ஒரு தண்டுக்குப் பிப்ரவரியில் எத்தனை ரூபாய்.
மண்டல அலுவலகம் முதலாவதைக் கொடுத்தது.
இரண்டாவதற்கு எதிரே
பச்சை மையில் எழுதி அனுப்பியது:
'தற்சமயம் தேவை எழவில்லை.'
பாதிக் கிணறு தாண்டவைத்து
அதற்கு வட்டியும் போட்டோம்.
எனக்கு அந்த ஆண்டு ஒரு கேடயம் தந்தார்கள்.

சிவப்பு ரோஜா. தாஜ்மஹால் என்று ரகத்துக்குப் பெயர்.
ஆடியில் விலை படுத்தது.
ஐப்பசிக் காற்றில் கூரைப் பிளாஸ்டிக் கிழிந்து
இரண்டு நாள் அடித்துக்கொண்டே கிடந்தது.
அக்டோபர் முப்பத்தொன்று, தவணை நின்றது.
டிசம்பர் முதல் வாரம் அவர் கவாத்து செய்தார்.
வெட்டிய நாளிலிருந்து செடி எண்ணத் தொடங்கும்,
பிப்ரவரி பதினான்குக்குச் சரியாகக் கொண்டுவந்து நிறுத்தும்.
எங்கள் கணினியும் எண்ணிக்கொண்டிருந்தது,
வேறொரு நாளிலிருந்து.

"பதினஞ்சு நாள் சார். மொட்டு வந்திருச்சு.
வேணும்னா வந்து பாருங்க."
மேலாளர் பரந்தாமன் கெட்டவர் இல்லை.
திரையைத் திருப்பிக் காட்டினார்.
"என் கையில எதுவுமில்லீங்க, அதுவே பண்ணிரும்."
ஜனவரி இருபத்தொன்பது நள்ளிரவில்
அதுவே பண்ணியது.
வாராக்கடன்.
அப்போது நாங்கள் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தோம்.

மறுநாள் காலை
பெங்களூர் வியாபாரி போட்ட முன்பணம், மூன்றரை லட்சம்,
கணக்குக்குள் வந்த வேகத்தில் காணாமல் போனது:
வட்டி, அபராத வட்டி, அபராதத்துக்கு வரி.
அறுவடைக்கு வரச் சொன்ன பதினான்கு பெண்களின் கூலி
அதற்குள்தான் இருந்தது.
வண்டிக்காரனுக்குக் கொடுத்த காசோலை
போன வழியே திரும்பியது.

ஈடு இருக்கிறதா என்று படம் பிடித்து அனுப்ப
பிப்ரவரி ஐந்தாம் தேதி என்னைத்தான் அனுப்பினார்கள்.
கதவைத் தள்ளினேன்.
மொட்டுக்குத்தான் விலை. விரிந்தால் மாட்டுக்குக்கூட ஆகாது.
இருபதாயிரம் பூ
ஒன்றாக விரிந்து நின்றது.
வாசனை கிடையாது இந்த ரகத்துக்கு.
அத்தனை சிவப்பும் சத்தமில்லாமல்.

திம்மராயன் வெளியே, தண்ணீர்த் தொட்டி அருகே
எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.
சென்னம்மாதான் கூட வந்தார்.
"பூத்து முழுசா நாங்களே இப்பத்தான் சார் பாக்கறோம்.
நல்லா எடுங்க, அந்த மூலையும் சேத்து."

ஏலத்தில் எடுத்தவர்
குழாய்களைக் கழற்றி இரும்புக் கடைக்குப் போட்டு
மனைக்கற்கள் நட்டார்.
வந்த பணம் அசலில் பாதிக்குக் காணவில்லை.

கோப்பை மூடும் படிவத்தில் கடைசிக் கட்டம்:
'கணக்கு நசிந்த காரணம்.'
சொடுக்கினால் மூன்று விடை விழும்.
இயற்கைச் சீற்றம்.
சந்தை நிலவரம்.
கடன்தாரரின் அனுபவமின்மை.
நான்காவது இருக்கிறதா என்று
கீழே இழுத்துப் பார்த்தேன், இரண்டு முறை.
விட்டதும் அம்புக்குறி
தானாகப் போய் மூன்றாவதில் நின்றது.

மணி ஐந்தே முக்கால்.
நான் அதை நகர்த்தவில்லை.