நாற்பத்தேழாம் வடம்

பகல் பதினொன்றரை.
மேலே தகடு தகடாக
வெயில் கொதிக்கிறது.
நான் அதற்கு அடியில்,
இரவில்,
நெற்றி விளக்கோடு.

மேற்கு ஜாவாவில் மலைகளுக்கு நடுவே
இப்படி ஒரு கூரை.
சுவரில்லை, வாசலில்லை.
குடியிருப்பதெல்லாம் மீன்.

வடங்களை எண்ணுவது என் வேலை.
காற்று வந்து இழுக்கிற மிதவைத் தீவை
ஆழத்துச் சிமெண்ட் கட்டிகளோடு
பிடித்து வைத்திருக்கும் வடங்கள்.
பாசியைச் சுரண்டு. கொக்கியைத் தட்டிப் பார்.
மேலேறிப் படிவத்தில் எழுது:
வடம் எண், ஆழம், நிலை, குறிப்பு.

நாற்பத்தாறு நன்று.
நாற்பத்தேழில்
என் காலை ஏதோ மெல்லப் பிடித்தது.

நைலான் வலை.
விளக்கைத் திருப்பினால் மினுங்கும்,
நேராகப் பார்த்தால் இல்லை.
அதில் பதினோரு ஜிலேபிக் கெண்டை,
இரண்டு இன்னும் துடித்துக்கொண்டு.
பன்னிரண்டாவதாக நான்.
காற்று பதினாறு நிமிடத்துக்கு இருந்தது.
கத்தியால் மூன்று கண்ணி அறுத்துக்
காலை மீட்டேன்.
பிறகுதான் முடிச்சைப் பார்த்தேன்.

இடமிருந்து இரண்டு சுற்று,
திரும்பி ஒரு நுழைப்பு,
வால் நீளம்.
இந்தத் தண்ணீரில்
இடக்கையால் இப்படிக் கட்டுகிறவன் ஒருவன்தான்.
என் மகளுக்குத் தூளி கட்டியதும்
இதே முடிச்சுதான்.
ஒருநாளும் அவிழ்ந்ததில்லை.

எங்கோஸ், என் மைத்துனன்.
தகடுகள் வருமுன் இங்கே அவனுக்குப்
பன்னிரண்டு மீன்கூண்டு.
இழப்பீட்டில் மோட்டார் சைக்கிள் வாங்கினான்.
"மோட்டார் சைக்கிள் குஞ்சு பொரிக்காதுடா"
என்று சந்தையில் அவனே சொல்லிச் சிரித்தான்.
எனக்கு நீந்தத் தெரியும் என்று
கம்பெனி வேலை கொடுத்தது.
அவன் என்னைவிட நன்றாக நீந்துவான்.
பள்ளிச் சான்றிதழ் என்னிடம் இருந்தது.

காவல் படகின் விளக்கு
அந்தப் பக்கம் திரும்பும் இடைவெளியில்
மூச்சை மட்டும் நம்பி இறங்கியிருக்கிறான்.
நிழலில் மீன் கூடும் என்பது
பொறியாளர்கள் வரைபடம் விரிக்குமுன்னே
அவனுக்குத் தெரியும்.

அறுத்துவிடலாம்.
ஒரு வலை என்ன விலை என்று எனக்குத் தெரியும்.
விட்டுவிடலாம்.
நாளைக்கு மறுபடி என் கால்,
அல்லது வேறொருவன் கால்,
அவனிடம் கத்தி இல்லாமல்.

அவிழ்த்தேன்.
கையுறையைக் கழற்றி, நகத்தால்.
அவன் முடிச்சு லேசில் வழிவிடவில்லை.
நிழல் முடிகிற ஓரத்தில்
சோதனைக் காலத்தில் போட்டு மறந்த
பழைய மிதவை ஒன்று கிடக்கிறது,
எந்தக் கணக்கிலும் இல்லாமல்.
வலையை அதுவரை இழுத்துப் போய்
என் வலக்கையால் கட்டினேன்.
ராத்திரி தடவிப் பார்த்தால்
யாரென்று தெரிந்துகொள்வான்.

மேலே வந்தேன். வெளிச்சம் அறைந்தது.
வீரதாமா சார் படிவத்தை நீட்டினார்.
"நாற்பத்தேழு?"
"பாசி," என்றேன். "எடுத்துட்டேன்."
நீர்க்காகம் ஒன்று தகட்டின்மேல்
வெள்ளையாக எச்சமிட்டுவிட்டுப் பறந்தது.
அவர் கவலையெல்லாம் அதில்.
ஒரு எச்சத்துக்கு இத்தனை வாட்
என்று கணக்கு வைத்திருக்கிறார்.

மூன்று நாள் ஒன்றுமில்லை.
நான்காம் நாள் கதவுக் கொண்டியில்
ஈரமான வாழையிலைப் பொட்டலம்.
இமாஸ் அதை எடுத்துச் சணலைத் திருப்பிப் பார்த்தாள்.
யார் கொடுத்தது என்று கேட்கவில்லை.
அண்ணன் முடிச்சு அவளுக்குத் தெரியாதா?
மஞ்சளும் மிளகாயும் அரைத்துப் பூசி
இலையோடு அவித்தாள்.

பாதிச் சாப்பாட்டில் மின்சாரம் போயிற்று.
ஜன்னலுக்கு வெளியே
அத்தனை ஏக்கர் தகடும்
நிலாவை வாங்கிக்கொண்டு சும்மா இருந்தன.
"மெழுகுவத்தி எங்கே?" என்றாள் மகள்.
"வேண்டாம்," என்றேன்,
"எனக்குப் பழக்கம்."
விரலால் தடவித் தடவி
அவள் தட்டிலிருந்து
முள்ளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்தேன்.